60 குண்டு, 2 மில்லிமீட்டர்: ஓர் ஏர் ரைபிள் கணக்கு

செமி-ஆட்டோமேட்டிக் ரைபிள் ஒன்றை வாங்கி, செட் செய்து, ரேஞ்சில் சுட்டுப் பார்க்க எவ்வளவு ஆகும் என்று புதுச்சேரியில் யாராவது கேட்டால், கணக்கு முதல் வரியிலேயே முடிந்துவிடும்: 0. 2016 ஆயுத விதிகள் அதைக் கட்டுப்படுத்தப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. சாதாரணக் குடிமகனுக்கு அது கிடையாது. விளையாட்டாக எடுத்துக்கொள்பவர் அதற்காக ஏங்கவும் வேண்டாம். சர்வதேச ரைபிள் போட்டிகளில், 300 மீட்டர் ஸ்டாண்டர்டு ரைபிள் நீங்கலாக, ஒவ்வொரு குண்டையும் கையால் போட்டுத்தான் சுட வேண்டும்.

ஆக, நம்மூர்க் கணக்கு 10 மீட்டர் ஏர் ரைபிளில் தொடங்குகிறது. குழல் 4.5 மி.மீ., குண்டு ஏறக்குறைய 0.53 கிராம், வேகம் நொடிக்கு 170 மீட்டர் அளவில். பெருக்கினால் 7.7 ஜூல். 4.5 மி.மீ.க்கும் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. அடுத்த படி .22 ரைபிள்: குண்டு 2.6 கிராம், வேகம் 330 மீட்டர், ஆற்றல் 140 ஜூல். அதற்கு ஆட்சியர் அலுவலகப் படி ஏறியாக வேண்டும்.

இலக்கின் முழு விட்டம் 45.5 மி.மீ. நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர். குண்டே 4.5 மி.மீ. இருப்பதால் அதன் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே 10.0; குண்டின் மையம் நடுவிலிருந்து 2.5 மி.மீ. வரை விலகலாம். அங்கிருந்து ஒவ்வொரு 0.25 மி.மீ. உள்ளே வரும்போதும் 0.1 கூடும், உச்சம் 10.9. 60 குண்டுக்கு அதிகபட்சம் 654.

இந்த 0.25 மி.மீ. எவ்வளவு பெரிய தொகை என்பதற்கு நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் கணக்கே சாட்சி. புதுச்சேரிக்குத் தெற்கே இருபது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் எடுத்தது 630.7, 10ஆம் இடம். இறுதிச் சுற்றுக்குப் போவது 8 பேர். அதே சுற்றில் ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து 5ஆவதாக உள்ளே போனார். வித்தியாசம் 0.8. மில்லிமீட்டரில் சொன்னால், 60 குண்டுக்கும் சேர்த்து மொத்தம் 2 மி.மீ. குண்டு ஒன்றுக்கு 0.033, தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. மறு ஆண்டு ஆகஸ்டில் கஜகஸ்தானின் ஷிம்கென்டில் நடந்த ஆசியப் போட்டியில் இளவேனில் 24 குண்டுகளில் 253.6 எடுத்துத் தங்கம் வென்றார். சராசரி 10.57.

இப்போது பணம். விலை கடைக்குக் கடை, யூரோவுக்கு யூரோ மாறுவதால் கணக்குக்காக மட்டும் ஒரு தொகை வைத்துக்கொள்வோம்: இறக்குமதி மேட்ச் ரைபிள் 3 லட்சம், 500 மேட்ச் குண்டு கொண்ட டப்பா 1,000 ரூபாய். குண்டு ஒன்று 2 ரூபாய். நாளுக்கு 100 வீதம் வருடத்தில் 250 நாள் சுட்டால் 25,000 குண்டு, 50 டப்பா, 50,000 ரூபாய். ஆறே வருடத்தில் குண்டின் செலவு ரைபிளின் விலையைத் தொட்டுவிடும். எடையும் எழுதிக்கொள்ளலாம்: வருடத்துக்கு 13.25 கிலோ ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடக்கூடாது.

பெரும்பாலோர் மிச்சம் பிடிக்கும் இடம் இதற்கு முந்தைய வரி: சோதனை. லட்சங்களைக் கொட்டி ரைபிள் வாங்கிவிட்டு, கடைக்காரர் கொடுத்த முதல் டப்பாவோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மேட்ச் குண்டுகள் தலை விட்டம் 4.48, 4.49, 4.50, 4.51, 4.52 என்று அச்சிட்டு வருகின்றன. எது நம் குழலுக்குப் பொருந்தும் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. ரைபிளை வைஸில் ரப்பர் வைத்துப் பிடித்து, ஒவ்வொரு அளவிலும் பத்துப் பத்தாக மூன்று முறை சுட வேண்டும். 150 குண்டு, 300 ரூபாய். ஐந்து டப்பாவும் வாங்கினால் 5,000, மிச்சம் பயிற்சிக்கு ஆகும். ஒரே ஒரு பத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது, அதிர்ஷ்டமும் அழகாக வட்டம் போடும்.

அளவெடுக்கும் விதம் இது. பத்துக் குண்டும் போட்ட ஓட்டையின் வெளிவிளிம்பை வெர்னியரில் அளந்து 4.5ஐக் கழிக்க வேண்டும். 7 மி.மீ. வந்தால் மையத்துக்கு மையம் 2.5, நடுவில் வைத்துப் பார்த்தால் ஓரத்துக் குண்டும் 1.25 மி.மீ.தான் விலகும், 10.5க்குக் குறையாது. 9.5 மி.மீ. வந்தால் மையத்துக்கு மையம் 5; ஓரத்துக் குண்டு 10.0இல் தொங்கும். சுடுபவரின் கை இன்னும் கணக்கிலேயே வரவில்லை. வெளிநாடுகளில் செமி-ஆட்டோமேட்டிக் ரைபிளை 100 மீட்டரில் சோதிப்பவர்கள் ஒரு கலை, அதாவது பாகையில் 60இல் ஒரு பங்கு, 29 மி.மீ.க்குள் வந்தால் திருப்திப்படுவதுண்டு. அதே கலை 10 மீட்டரில் 2.9 மி.மீ. நம் 7 மி.மீ. ஓட்டை அதைவிடக் கொஞ்சம் இறுக்கம்.

டப்பாவைத் திறந்ததும் குண்டுகளின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஈயம் மெல்லிசு, நகம் பட்டாலே நசுங்கும், நசுங்கியதை ஒதுக்கிவிடலாம். கடற்காற்றில் டப்பாவைத் திறந்து போட்டால் ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இந்தக் கணக்கிலேயே மலிவான வரி.

இடத்துக்குச் சுடுபவர் நிற்பதையும் சேர்த்து 12 மீட்டர் நீளம் வேண்டும். தெருவாசலிலிருந்து கொல்லை வரை நீளும் புதுச்சேரியின் பழைய தமிழ் வீடுகளில் அது கிடைத்துவிடும். இலக்கின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர், அதன் மேல் விழும் வெளிச்சம் குறைந்தது 1,500 லக்ஸ். குறுக்கே திறக்கும் கதவு ஒன்று இருந்தாலும் உள்தாழ்ப்பாள் போட முடியாவிட்டால் அந்த வீடு வேண்டாம், ரேஞ்சுக்கே போய்விடலாம். கான்வாஸும் தோலுமாகத் தைத்த கனத்த ஜாக்கெட், பேன்ட் வேறு. தயாராக 15 நிமிடம், 60 குண்டுக்கு 75 நிமிடம், ஆக ஒன்றரை மணி நேரம் மே மாதப் புழுக்கத்தில் அதைப் போட்டு நிற்க ஏசி இல்லாமல் முடியாது. மின் கட்டணத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் காற்று. ரைபிளின் உருளை 200 பார். 12 லிட்டர் ஸ்கூபா சிலிண்டரும் 200 பார்தான் என்றால் ரைபிள் ஒருபோதும் 200ஐத் தொடாது. 0.2 லிட்டர் உருளை 70 பாரில் இருக்கும்போது நிரப்பினால் இரண்டும் 198 பாரில் சமமாகும். அடுத்த முறை 196. பாதகமில்லை, சுடும் அழுத்தத்தை ரெகுலேட்டர் சீராக வைத்திருக்கும். கவனிக்க வேண்டியது உருளையில் பொறித்த தேதி. போட்டி விதிப்படி அதன் ஆயுள் அதிகபட்சம் 10 வருடம். 9 வருட உருளையோடு வரும் பழைய ரைபிளுக்கு விலை பேசும்போது, புது உருளையின் விலையை முதலில் கழித்துக்கொள்ள வேண்டும்.