ஆர்தர் ரிச்சர்ட்சனின் நல்லர்போர் மிதிவண்டிப் பயணம் (1896)

ஆர்தர் ரிச்சர்ட்சன் (1872–1939) நல்லர்போர் சமவெளியை மிதிவண்டியில் கடந்த முதல் மனிதராக அறியப்படுகிறார். 1896 நவம்பர் 24 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கவயல் ஊரான கூல்கார்டியிலிருந்து அவர் தனியாகப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 24. கிழக்கே 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அடிலெய்டு நகரை 31 நாட்களில் அடைந்தார். அவர் எடுத்துச் சென்றவை ஒரு சிறு மூட்டையும் ஒரு நீர்ப்பையும் மட்டுமே.

நிலத்தின் இயல்பு

'நல்லர்போர்' என்பது 'மரமில்லாத' என்று பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து உருவான பெயர். ஏறத்தாழ 2,00,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இச்சமவெளி சுண்ணாம்புக் கல்லால் ஆனது. பெய்யும் சிறிதளவு மழையும் கல்லின் வெடிப்புகள் வழியே கீழே இறங்கிவிடுவதால், இங்கு ஆறுகள் உருவாவதில்லை. தெற்கு அரைக்கோளத்தில் டிசம்பர் கோடைமாதம். எனவே ரிச்சர்ட்சன் பயணம் செய்தது கடும் வெயில் காலத்தில்.

மிதிவண்டி ஏன்?

கூல்கார்டியில் 1892-இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் மக்கள் திரண்டனர். ஆனால் குடிக்க நல்ல நீர் இல்லை. உப்பேரி நீரைக் காய்ச்சி வடித்து விலைக்கு விற்றார்கள். குதிரை வைத்திருப்பவர் அதற்கும் நீர் வாங்க வேண்டும். மிதிவண்டிக்கு நீரும் தீவனமும் தேவையில்லை. 1888-இல் ஜான் டன்லப் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயர், கரடுமுரடான தரையிலும் வண்டி ஓட்டுவதை எளிதாக்கியிருந்தது. ஆகவே தங்கவயல் ஊர்களுக்கிடையே செய்திகளைக் கொண்டுசெல்ல மிதிவண்டி ஓட்டுநர்கள் அமர்த்தப்பட்டனர்.

சாலைகள் இல்லாத குறையை ஒட்டகங்கள் ஓரளவு தீர்த்தன. அவற்றின் அகன்ற, மென்மையான பாதங்கள் பட்டுப்பட்டு மண் இறுகி, ஒற்றையடித் தடங்கள் உண்டாயின. அவை மிதிவண்டிக்கு நன்கு பொருந்தின. அந்த ஒட்டகங்களை ஓட்டியவர்கள் 'ஆப்கானியர்' என்று பொதுவாக அழைக்கப்பட்டாலும், அவர்களில் பலர் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள்.

தண்ணீர்

அக்காலப் பயணிகளின் நீர்ப்பைகள் பெரும்பாலும் கித்தான் துணியால் ஆனவை. துணியில் கசியும் நீர் காற்றில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிரும். நம் மண்பானையில் நடப்பதும் இதுவே. ஆனால் குளிர்ச்சிக்கு விலை உண்டு: குடிக்காமல் வைத்திருந்தாலும் நீர் குறைந்துகொண்டே போகும். வெயிலில் மிதிப்பவருக்கு நாளொன்றுக்குப் பல லிட்டர் நீர் வேண்டும். ஒரு பை நீரை நம்பி 2,000 கிலோமீட்டர் செல்ல முடியாது.

ரிச்சர்ட்சனின் பயணத்தைச் சாத்தியமாக்கியது தந்திக் கம்பி. மேற்கு ஆஸ்திரேலியாவைக் கிழக்குப் பகுதிகளுடன் இணைத்த தந்தித் தடம் 1877-இல் முடிக்கப்பட்டது. அவர் அத்தடத்தைப் பின்பற்றிச் சென்றார். அடையாளமற்ற வெளியில் கம்பங்களின் வரிசையே வழிகாட்டி. யூக்ளா போன்ற தந்தி நிலையங்களில் மனிதர்களும் உணவும் நீரும் இருந்தன.

அதற்கும் முன்னர், இந்நிலத்தின் நீர் இருப்பிடங்களை அறிந்திருந்தவர்கள் ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள். பாறைக் குழிகளில் தேங்கிய நீரையும் மணல்மேடுகளின் அடியில் ஊறும் நீரையும் நம்பி அவர்கள் வாழ்ந்தனர். 1841-இல் எட்வர்ட் ஜான் அயர் இக்கடற்கரை வழியே கடந்தபோது, மணலில் எங்கே தோண்டினால் நீர் கிடைக்கும் என்று அவருக்குக் காட்டியவர்கள் பழங்குடியினரே. அவருடன் இறுதிவரை நடந்தவர் வைலி என்ற நூங்கார் இன இளைஞர்.

தனியாகச் சென்றார் என்பதால் ரிச்சர்ட்சனின் துணிவு பேசப்படுகிறது. தந்திப் பணியாளர்கள், ஒட்டகக்காரர்கள், பழங்குடியினர் ஆகியோரின் உழைப்பையும் அறிவையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், அப்பயணம் எவ்வாறு முடிந்தது என்பது விளங்கும்.

பின்னர்

1899 ஜூன் 5 அன்று பேர்த் நகரிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்ட ரிச்சர்ட்சன், ஏறத்தாழ 18,500 கிலோமீட்டர் ஓட்டி ஆஸ்திரேலியாவைச் சுற்றி, 1900 பிப்ரவரி 4 அன்று அங்கேயே திரும்பினார். மிதிவண்டியில் அந்நாட்டைச் சுற்றிய முதல் மனிதரும் அவரே.

நல்லர்போர் வழியே செல்லும் அயர் நெடுஞ்சாலை 1976-இல் முழுமையாகத் தார்ச்சாலையானது. இன்றும் சில இடங்களில் ஒரு சாலையோர விடுதிக்கும் அடுத்ததற்கும் இடையே 180 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு உண்டு. மிதிவண்டிப் பயணிகள் அந்த இடைவெளிகளைக் கணக்கிட்டே நீர் எடுத்துச் செல்கின்றனர். யூக்ளாவின் பழைய தந்தி நிலையம் இப்போது மணலில் பாதி புதைந்து நிற்கிறது.