யூ மரத்துக் கனி: நஞ்சு விதையில்

பிரிட்டனின் பழைய தேவாலய வளாகங்களில் யூ மரத்தைப் பார்க்காமல் இருப்பது அரிது. வீட்டு வேலியாகவும் அதை வளர்க்கிறார்கள். இலையுதிர்காலத்தில் பெண் மரங்களில் சிவப்புக் கனிகள் தொங்கும். பட்டாணியைவிடச் சற்றே பெரிய, முனை திறந்த கிண்ணம் போன்ற சதை. உள்ளே கரும்பழுப்பு விதை எட்டிப் பார்க்கும்.

அந்தச் சதை மட்டும்தான் நஞ்சில்லாதது. இலை, பட்டை, விதை எல்லாவற்றிலும் டாக்ஸீன் (taxine) இருக்கிறது. இதயத் துடிப்பையே குலைக்கும் நஞ்சு. பறவைகள் கனியை விழுங்கி விதையை உடைக்காமல் எச்சத்தில் கழித்துவிடும். மனிதர்களாகிய நாம் மென்றுவிடுகிறோம், அங்கேதான் வம்பு. சதையைத் தின்னலாம் என்று காட்டுணவு ஆர்வலர்கள் சொல்வதுண்டு. ஒரு வாய் இனிப்புக்கு இந்த விஷப்பரீட்சை எதற்கு?

குழந்தை தின்றுவிட்டால் வாயில் மிச்சமிருப்பதை எடுத்துவிட்டு உடனே மருத்துவ ஆலோசனை எண் 111-ஐ அழையுங்கள். மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் என்றால் அவசர உதவி எண் 999. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். மருத்துவமனைக்குப் போகும்போது அந்த மரத்தின் கிளையில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். யூ நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. இதயத்தைக் கண்காணித்துத்தான் சிகிச்சை. அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பொறுப்பு யாருக்கு? இன்னொரு நச்சுச்செடியின் வழக்கைப் பாருங்கள்: கிளாஸ்கோ தாவரவியல் பூங்காவில் பெல்லடோனா பழம் தின்று 7 வயதுச் சிறுவன் இறந்தான். பிள்ளைகளை ஈர்க்கும் நச்சுப் பழத்தை வேலியோ எச்சரிக்கையோ இன்றி விட்டிருந்தால் நகராட்சி பொறுப்பேற்க வேண்டிவரும் என்று 1920-களின் தொடக்கத்தில் பிரபுக்கள் சபை கூறியது. குழந்தைகள் பெரியவர்களைவிடக் கவனக்குறைவாக இருப்பார்கள் என்பதை இடத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் எதிர்பார்க்க வேண்டும் என்கிறது இங்கிலாந்தின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம்.

குதிரை வழக்குகள் இன்னும் சுவையானவை. 1878 வழக்கில், இடுகாட்டு யூ மரம் வேலி தாண்டிப் பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்குள் நீண்டது. தின்ற குதிரை செத்தது. இடுகாட்டு வாரியம் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. 1894 வழக்கில் குதிரைக்குட்டியே எல்லைக்கு அப்பால் கழுத்தை நீட்டித் தின்றது. அதன் சொந்தக்காரருக்கு எதுவும் கிடைக்கவில்லை. கிளை எந்தப் பக்கம் இருந்தது என்பதுதான் கேள்வி.

அண்டை வீட்டு யூ உங்கள் தோட்டத்துக்குள் நீண்டால் எல்லைவரை வெட்ட இங்கிலாந்தில் உங்களுக்கு உரிமை உண்டு. மரம் பாதுகாப்பு ஆணையின் கீழ் இருக்கிறதா என்று முதலில் கவுன்சிலில் விசாரித்துவிடுங்கள். வெட்டிய கிளையைக் குதிரையோ மாடோ எட்டும் இடத்தில் போடாதீர்கள். காய்ந்தாலும் அதன் நஞ்சு போகாது.