வளைகோலும் புத்தகமும்



தஞ்சோங் பகார் என்றதும் பழைய தோட்டத்துக் குடும்பங்களுக்கு இரண்டு நினைவுகள் வரும். ஒன்று, நம் மக்கள் மூட்டை சுமந்த துறைமுகம். மற்றொன்று, இரயில் நிலையம். மலாயாவிலிருந்து இரயிலேறியவர்கள் சிங்கப்பூரில் வந்து இறங்கிய அந்த நிலையம் 1932-இல் திறக்கப்பட்டது, 2011-இல் மூடப்பட்டது. அந்தத் துறைமுகத்தில் பொறியியலாளராக உயர்ந்த ஒரு தமிழரையும், அவர் ஆடிய ஹாக்கிக் குழுவையும் பற்றி இன்று பார்ப்போம்.

'பந்தின் பின்னால் ஓடினால் படிப்புப் போய்விடும்' என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிவிட்டு வரும் தாய்க்கு அந்தப் பயம் வருவது இயல்பே. படிப்பு என்ற ஏணி ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. அதையும் விளையாட்டுப் பறித்துவிடுமோ என்று அவள் அஞ்சுகிறாள். அந்த அச்சம் சரிதானா?

ஹாக்கியில் இரண்டு வகை உண்டு. குளிர் நாடுகளில் உறைந்த பனித்தரைமீது, காலில் சறுக்குக் காலணி அணிந்து ஆடுவது ஒன்று. அதில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். பந்துக்குப் பதில் தட்டையான ரப்பர் வில்லை. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு 1948 முதல் இதில் தேசியப் போட்டி நடக்கிறது. பனிக்காலம் முழுவதும் அவர்கள் வகுப்பையும் ஆட்டத்தையும் சேர்த்தே நடத்துகிறார்கள். நம் பக்கம் பனி ஏது? நாம் அறிந்தது திடலில் ஆடும் ஹாக்கி. பக்கத்துக்கு 11 பேர், கையில் வளைகோல், தரையில் பந்து. அந்நாளில் புல்தரையில்தான் ஆடினார்கள். பாதிக்கு 35 நிமிடம்.

1956-ஆம் ஆண்டு மெல்பர்ன் ஒலிம்பிக் போட்டிக்குச் சிங்கப்பூர் ஒரு ஹாக்கிக் குழுவை அனுப்பியது. அப்போது சிங்கப்பூர் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த சிறு தீவு. மலாயாவும் தனியாக ஒரு குழுவை அனுப்பியது. அதிலும் செல்வநாயகம், சண்முகநாதன் என்று தமிழ்ப் பெயர்கள் இருந்தன.

சிங்கப்பூர் தன் பிரிவில் ஆப்கானிஸ்தானையும் அமெரிக்காவையும் வென்றது. இந்தியாவிடம் 6-0 என்று தோற்றது. ஆறு கோல் என்றால் பெருந்தோல்வி அல்லவா என்று கேட்கலாம். அதே இந்தியா ஆப்கானிஸ்தானுக்கு 14 கோலும், அமெரிக்காவுக்கு 16 கோலும் போட்டது. அந்தப் போட்டி முழுவதிலும் இந்தியா ஒரு கோல்கூட வாங்காமல் தங்கப்பதக்கம் பெற்றது. அப்படிப்பட்ட குழுவை எதிர்த்து நின்ற சிங்கப்பூர், 12 நாடுகளில் எட்டாவது இடம் பெற்றது.

இந்த ஆட்டக்காரர்கள் யார்? அந்நாளைய ஒலிம்பிக் விதிப்படி, விளையாட்டைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் அதில் கலந்துகொள்ள முடியாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் வேறு தொழில் வேண்டியிருந்தது. அதற்குப் படிப்பும் வேண்டியிருந்தது. அஜித் சிங் கில் ஆசிரியர். ரூடி மோஸ்பெர்கனும் கல்வித்துறையில் இருந்தவர். 1982-இல் தொடங்கிய ராஃபிள்ஸ் தொடக்கக் கல்லூரிக்கு அவரே முதலாவது முதல்வர்.

நாம் முதலில் சொன்ன தமிழர் ஆறுமுகம் விஜயரத்தினம். 1921-இல் பிறந்த இவர் இலங்கைத் தமிழர். ஹாக்கி, காற்பந்து, கிரிக்கெட், ரக்பி ஆகிய நான்கிலும் சிங்கப்பூருக்காக ஆடியவர். திடலில் இப்படி ஓடியவர் புத்தகத்தை மூடி வைத்துவிடவில்லை. பொறியியல் படித்தார், துறைமுக ஆணையத்தில் பொறியியல் இயக்குநராக உயர்ந்தார். பின்னர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தர் பதவியும் அவரைத் தேடி வந்தது. 2016-இல் காலமானார். நம்மவர் தோளால் மூட்டை சுமந்த துறைமுகத்தில், நம்மவர் ஒருவர் படிப்பால் பொறுப்புச் சுமந்தார்.

இவர்களுக்கு நகரத்துப் பள்ளியும் நல்ல திடலும் கிடைத்தன. தோட்டத்துப் பிள்ளைக்கு அவ்வளவு கிடைக்காது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நேரத்தைப் பங்கிடும் பழக்கத்துக்குப் பணம் வேண்டாம். பள்ளியை விட்டுவிட்டு விளையாடப் போகும் பிள்ளையைக் கண்டிக்கத்தான் வேண்டும். பாடம் முடித்துவிட்டு ஓடும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். ஓடியாடும் உடம்பு நன்றாகத் தூங்கும். நன்றாகத் தூங்கிய பிள்ளை வகுப்பில் விழித்திருக்கும். கூடி ஆடும் பிள்ளை தோற்கவும் கற்றுக்கொள்ளும். பரீட்சையில் ஒருமுறை தவறினால் உடைந்துபோகாது.

ஆகவே தாய்மார்களே, இன்று மாலை பிள்ளை வளைகோலை எடுத்தால் பிடுங்க வேண்டாம். 'கணக்கு முடிந்ததா, தம்பி?' என்று மட்டும் கேளுங்கள். முடிந்தது என்றால், பொழுது சாயும்வரை ஆடிவிட்டு வரட்டும்.