பிரிந்தவர்களின் வாக்குமூலம்

அமெரிக்காவின் தென் மாநிலங்கள் விலகியது ஏன்? அவர்கள் எழுதிவைத்த ஆவணங்களே பதில் சொல்கின்றன.

1860 டிசம்பர் 20. தெற்கு கரோலினாவின் சார்லஸ்டன் நகரில் கூடிய மாநாட்டில் 169 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. சில நிமிடங்களில், ஒன்றியம் கலைந்தது என்று அறிவிக்கும் துண்டுப் பிரசுரங்கள் தெருவுக்கு வந்துவிட்டன. மிசிசிப்பி, புளோரிடா, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, டெக்சாஸ் என்று மேலும் ஆறு மாநிலங்கள் 1861 பிப்ரவரி முடிவதற்குள் அதே வழியில் போயின.

எதற்காக? மாநில உரிமைக்காக என்பது, போரில் தோற்றபின் தெற்கின் தலைவர்கள் சொன்ன பதில். பிரிந்தபோது அவர்கள் எழுதியதோ வேறு.

தெற்கு கரோலினா நான்கே நாளில் தன் காரணங்களை வெளியிட்டது. ஓடிப்போன அடிமைகளை வட மாநிலங்கள் திருப்பித் தருவதில்லை. அடிமை முறைக்கு விரோதமான ஒருவர் ஜனாதிபதியாகத் தேர்வாகியிருக்கிறார். குற்றப்பட்டியலின் சாரம் இதுதான். மிசிசிப்பி இன்னும் பட்டவர்த்தனம். தன் நிலை அடிமை முறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டது. டெக்சாஸ், வெள்ளையரும் கறுப்பரும் சமம் என்ற கொள்கையையே கண்டித்தது.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. ஓடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்க வற்புறுத்திய 1850ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசின் சட்டம். அதற்கு முட்டுக்கட்டை போடத் தங்கள் சட்டசபைகளைப் பயன்படுத்தியவை வட மாநிலங்கள். அதாவது, மாநில உரிமையைக் கையில் எடுத்தது வடக்கு. அதைக் குற்றமாகச் சொன்னது தெற்கு.

ஆபிரகாம் லிங்கனோ, ஏற்கெனவே அடிமை முறை உள்ள மாநிலங்களில் கைவைக்கப் போவதில்லை என்றுதான் சொல்லிவந்தார். புதிய பிரதேசங்களுக்கு அது பரவக்கூடாது என்பதே அவர் கட்சியின் நிலை. தெற்கைப் பயமுறுத்தியது வரப்போகும் கணக்கு. பெரும்பாலான தென் மாநிலங்களில் லிங்கன் பெயரில் வாக்குச்சீட்டே இல்லை. மொத்த வாக்குகளில் சுமார் 40 சதவீதம்தான் பெற்றார். அப்படியும் ஜெயித்துவிட்டார். தெற்கின் தயவில்லாமல் ஆட்சி அமைக்க முடியும் என்றால், நாளை சட்டமும் மாறலாம்.

பணயத்தில் இருந்தது சாதாரணச் சொத்து அல்ல. 1860 மக்கள்தொகைக் கணக்கின்படி அமெரிக்காவில் சுமார் 39.5 லட்சம் அடிமைகள். அவர்களின் சந்தை விலை, நாட்டின் ரயில் பாதைகளையும் தொழிற்சாலைகளையும் சேர்த்தாலும் அதைவிட அதிகம் என்பது பொருளாதார வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. அடிமைகள் பாதிக்கு மேல் இருந்த தெற்கு கரோலினாவும் மிசிசிப்பியும் முதலில் விலகின. இரண்டு சதவீதத்துக்கும் குறைவாக இருந்த டெலவேர் விலகவே இல்லை.

பிரிந்த பகுதிகளில் அடிமை வைத்திருந்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு வெள்ளையர் குடும்பம்தான். மற்றவர்கள் ஏன் சேர்ந்தார்கள்? முதலில் விலகிய மாநிலங்கள் மற்ற அடிமை மாநிலங்களுக்குத் தூதர்களை அனுப்பின. அவர்கள் விற்றது பயம்: விடுதலை வந்தால் கறுப்பன் உனக்குச் சமமாக நிற்பான், உன் குடும்பத்துக்கு ஆபத்து.

துணிச்சல் தந்தது பருத்தி. தெற்கின் பஞ்சு இல்லாவிட்டால் இங்கிலாந்தின் ஆலைகள் நின்றுவிடும், எனவே அந்த நாடு உதவிக்கு வரும் என்று நம்பினார்கள். போரில் வரத்து நின்றபோது லங்காஷயர் தவித்தது உண்மை. ஆனால் இங்கிலாந்து இந்தியப் பஞ்சைத் தேடி வந்தது. பம்பாய் வியாபாரிகள் கொழித்தார்கள். 1865ல் போர் முடிந்ததும் பலர் திவாலானார்கள்.

சமரசத்துக்கும் வழி இருந்தது. மாநிலங்களில் உள்ள அடிமை முறையில் மத்திய அரசு தலையிடவே முடியாதபடி ஓர் அரசியல் சட்டத் திருத்தத்தை 1861 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியது. விலகிய ஏழில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அதே மாதம் அவர்கள் தங்கள் புதிய அரசியல் சட்டத்தில் அடிமைச் சொத்துரிமைக்குப் பாதுகாப்பு எழுதிக்கொண்டார்கள். துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்று சவான்னா நகரில் பேசினார். ஏப்ரலில் போர் மூண்டபின் வர்ஜீனியா உட்பட மேலும் நான்கு மாநிலங்கள் சேர்ந்தன.

தோல்விக்குப் பின் அதே ஸ்டீபன்ஸ் தடித்த புத்தகம் எழுதினார். அதில் போர் அரசியல் சட்டத் தத்துவம் பற்றியதாகிவிட்டது. அந்தக் கதை பாடப்புத்தகங்களிலும் சிலைகளிலும் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தது. 2015 ஜூனில், அதே சார்லஸ்டனில், தேவாலயத்தில் பிரார்த்தனைக்குக் கூடிய ஒன்பது கறுப்பர்களை வெள்ளை இனவெறி இளைஞன் ஒருவன் சுட்டுக்கொன்றான். பிரிவினைப் படையின் கொடியோடு அவன் நின்ற படங்கள் வெளிவந்தன. மறுமாதம் தெற்கு கரோலினா சட்டசபை வளாகத்திலிருந்து அந்தக் கொடி இறக்கப்பட்டது.

கொடி எதற்காக ஏற்றப்பட்டது என்பது மட்டும் 1860லேயே, ஏற்றியவர்களின் கையெழுத்தோடு, பதிவாகியிருந்தது.