கலந்தாய்வுக்குப் பின்னால் இருந்த பேராசிரியர்

பிளஸ் டூ முடிவு வந்த வாரம், ஆரணி பக்கத்துச் சேவூரில் தறிக்காரர் வீடுகளில் பேச்செல்லாம் பொறியியல் கட்-ஆஃப் பற்றித்தான். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, மொத்தம் 200. எந்தக் கல்லூரி கிடைக்கும், எது கிடைக்காது என்று அந்த ஓர் எண்ணை வைத்துப் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள். சிபாரிசுக்கு வேலையில்லை. இந்த ஏற்பாட்டை உருவாக்கியதில் பெரும்பங்கு பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணனுக்கு உண்டு.

அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். 1928இல் வாணியம்பாடியில் பிறந்தார். ஆரணியும் வாணியம்பாடியும் அப்போது ஒரே வட ஆற்காடு மாவட்டம். கிண்டியில் கட்டடப் பொறியியல் படித்து, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார். பிறகு வாஷிங்டன் இந்தியத் தூதரகத்தில் அறிவியல் ஆலோசகர், ஐ.நா.வில் அதிகாரி. 1990இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகத் திரும்பி வந்தார்.

தனியார் பொறியியல் கல்லூரிகள் பெருகத் தொடங்கியிருந்த காலம் அது. கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்க வேண்டும். நன்கொடை கேட்டால் நெசவுக் கூலியில் எங்கே போவது? அவர் காலத்தில் வடிவம் பெற்ற ஒற்றைச் சாளர முறை இதை மாற்றியது. விடியற்காலை பஸ் பிடித்துக் கிண்டிக்கு வந்த அப்பாவும் பெண்ணும் அரங்கில் உட்கார்ந்து பெரிய திரையைப் பார்ப்பார்கள். எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு எத்தனை இடம் மிச்சம் என்பது அதில் தெரியும். ஒருவர் தேர்ந்தெடுத்ததும் எல்லார் கண்முன்னாலும் ஓர் எண் குறையும். 2018 முதல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறிவிட்டது. நிர்வாக ஒதுக்கீட்டு இடங்கள் இந்தத் திரைக்கு வெளியேதான் இன்னும் இருக்கின்றன. அது ஒரு குறைதான்.

பதவிக்காலம் 1996இல் முடிந்தது, வேலை முடியவில்லை. 1999இல் சென்னையில் தமிழ் இணைய மாநாட்டை முன்னின்று நடத்தினார். அதன் பலன் தமிழ்99 விசைப்பலகை. ‘க’வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்தில் புள்ளி தானாக விழுந்து ‘க்க’ என்று வரும்.

என் பார்வையில் அவருடைய மிகப்பெரிய பங்களிப்பு 2006இல் அமைந்தது. பொறியியல் சேர்க்கைக்கு 1984இல் வந்த நுழைவுத் தேர்வு, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்கே சாதகமாகிப் போயிருந்தது. அதை ஆராய அரசு அமைத்த குழுவுக்கு அவர் தலைவர். ரத்து செய்யலாம் என்று குழு பரிந்துரைத்தது. முன்பு இதே முயற்சிகள் நீதிமன்றத்தில் தோற்றிருந்தன. இம்முறை சட்டம் நின்றது. 2007 முதல் பள்ளி மதிப்பெண்ணே போதும் என்றானது.

2021 மே 29 அன்று, கொரோனாவுக்குப் பலியானபோது அவருக்கு வயது 92. அதே ஆண்டு, பொறியியல் இடங்களில் 7.5 விழுக்காட்டை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கும் சட்டத்தைத் தமிழக அரசு நிறைவேற்றியது.