உலர்த்தும் இயந்திரம் ஏன் சூடாகவில்லை?

கொடியில் போட்ட துணியை வெயிலும் காற்றும் உலர்த்திவிடுகின்றன. அமெரிக்காவில் பனி கொட்டும் ஊர்களில் குளிர்காலத்தில் அது எளிதல்ல. ஆகவே அங்கே பல வீடுகளில் துணி உலர்த்தும் மின்இயந்திரம் இருக்கிறது. ஒருநாள் அதன் உருளை சுழல்கிறது. ஆனால் துணி காயவில்லை. கோளாறு எங்கே? வாருங்கள், துப்பறிவோம்.

முதலில் ஒரு கணக்கு. ஈரத்துணியில் 3 கிலோகிராம் தண்ணீர் இருக்கிறது என்று கொள்வோம். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 23 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். இயந்திரத்தின் சூடேற்றும் கம்பிச்சுருள் 5,400 வாட் திறனுடையது என்றால், ஒரு நொடிக்கு 5,400 ஜூல் தரும். அப்படியானால் குறைந்தது 21 நிமிடம் ஆகும் அல்லவா? வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் நேரம் இன்னும் கூடும்.

வெப்பம் மட்டும் போதாது. நீராவியை வெளியேற்றக் காற்றும் ஓட வேண்டும். ஒரு விசிறி காற்றைச் சுருளின் வழியாகவும் துணிகளின் வழியாகவும் இழுத்து, குழாய் மூலம் வீட்டுக்கு வெளியே தள்ளுகிறது. துணியிலிருந்து உதிரும் பஞ்சுத் தூசியைச் சல்லடை ஒன்று பிடிக்கிறது. தப்பிய தூசி குழாயில் படிகிறது. வழி அடைபட்டால் காற்று மந்தமாகும்; வெப்பம் உள்ளேயே தேங்கும்.

இங்கேதான் வெப்ப ஃபியூஸ் என்னும் காவலாளி வருகிறான். சாதாரண ஃபியூஸ் மின்னோட்டம் மிகுந்தால் உருகும். இதுவோ வெப்பநிலை மிகுந்தால் மின்சுற்றைத் துண்டிக்கும். பல இயந்திரங்களில் விசிறியருகே உள்ள ஃபியூஸுக்கு எல்லை சுமார் 90 டிகிரி செல்சியஸ். ஒருமுறை துண்டித்தால் மீண்டும் சேராது. சில இயந்திரங்களில் அப்போது உருளை மட்டும் சுழலும். வேறு சிலவற்றில் எதுவுமே இயங்காது.

பழுது பார்க்கும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். அமெரிக்காவின் 240 வோல்ட் இணைப்பில் இரண்டு கம்பிகளிலும் மின்னழுத்தம் உண்டு. ஒன்று துண்டிக்கப்பட்டாலும் மற்றது அதிர்ச்சி தரும். (எரிவாயுவால் சூடேறும் வகையும் உண்டு. அதை நீங்கள் தொட வேண்டாம்.)

இனி ஃபியூஸின் கம்பிகளைக் கழற்றி மல்ட்டிமீட்டரால் அதன் மின்தடையைப் பாருங்கள். நல்ல ஃபியூஸ் ஏறக்குறைய பூஜ்யம் ஓம் காட்டும். அறுந்ததில் முள் அசையாது. சுருளையும் அவ்வாறே சோதிக்கலாம். 240ஐ 240ஆல் பெருக்கி 5,400ஆல் வகுத்தால் 10.7 ஓம். மீட்டர் இதையொட்டிக் காட்டினால் சுருள் நலமே.

ஃபியூஸ்தான் போயிருக்கிறது என்றால், சிலர் அதன் இரு முனைகளையும் ஒரு கம்பித்துண்டால் இணைத்துவிடுவார்கள். இயந்திரமும் ஓடும். இதைவிடப் பெரிய அசட்டுத்தனம் வேறில்லை! பஞ்சு எளிதில் தீப்பற்றுவது. 2008 முதல் 2010 வரை அமெரிக்க வீடுகளில் இவ்வியந்திரங்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீவிபத்துகள் நேர்ந்தன என்று அந்நாட்டின் தீயணைப்பு நிர்வாகம் மதிப்பிட்டது. சுத்தம் செய்யாமல் விட்டதே அவற்றுக்கு முதன்மைக் காரணம்.

புது ஃபியூஸ் போட்டாலும், குழாயைத் தூய்மை செய்யாவிட்டால் அதுவும் அறுந்துபோகும். எனவே குழாயைக் கழற்றி, நீண்ட தூரிகையால் தூசியைத் தள்ளி எடுங்கள். எல்லாவற்றையும் பூட்டிய பிறகு இயந்திரத்தை ஓடவிட்டு, வீட்டுக்கு வெளியே போய்க் குழாயின் வாயில் கையை நீட்டுங்கள். காற்று பலமாக வீச வேண்டும். கையில் பட்டும் படாமலும் வந்தால், அடைப்பு இன்னும் இருக்கிறது.