ஆள் எடுக்கும் அடுப்படி

வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவருக்குக் கம்பெனி என்பது மூடிய கதவு. உள்ளே அந்தத் தாளை யார் பார்க்கிறார், ஏன் ஒருவரைக் கூப்பிட்டார்கள், ஏன் இன்னொருவரை விட்டார்கள் என்று எதுவும் தெரியாது. பதில் வராவிட்டால் குறை தன்னிடம்தான் என்று மனம் குறுகிப்போகிறது. கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே நடப்பது ஒரு கல்யாணச் சமையல். சாமான் பட்டியல் போடுபவர் ஒருவர், அரிசியில் கல் பொறுக்குபவர் ஒருவர், பதம் பார்ப்பவர் ஒருவர், பந்தியில் இலை போடுபவர் ஒருவர். ஒவ்வொரு கையும் தேடுவது வேறு. வேலை தேடுகிறவர்கள் எல்லாக் கைகளுக்கும் ஒரே பதிலை நீட்டுவதால்தான் பாதி வழியில் நின்றுபோகிறார்கள். எந்தக் கை எதைப் பார்க்க வேண்டும் என்று கம்பெனிகள் பிரித்துக்கொள்ளாததால்தான் நல்ல ஆட்கள் தவறிப்போகிறார்கள்.

கோயம்புத்தூரில் பம்ப் செட் தயாரிக்கும் நடுத்தரக் கம்பெனி ஒன்று, அதற்கு ஒரு அக்கவுண்டன்ட் தேவை என்று வைத்துக்கொள்வோம். இருந்தவர் விலகிவிட்டார். அங்கிருந்து ஒவ்வொரு படியாகப் போவோம்.

முதலில் நடப்பது விளம்பரம் அல்ல. கணக்குப் பிரிவு மேலாளர் முதலாளியிடம் போய் ஆள் கேட்கிறார். இருப்பவர்களை வைத்தே ஓட்டிவிடலாமா, புதியவருக்கு எவ்வளவு சம்பளம் தரலாம் என்று பேசுகிறார்கள். ஒப்புதல் கிடைத்ததும், ‘உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?’ என்ற கேள்வி முதலில் கம்பெனிக்குள்ளேதான் சுற்றுகிறது. அதனால் பல வேலைகள் வெளியே தெரிவதற்கு முன்பே பாதி நிரம்பிவிடுகின்றன. வேலை தேடும்போது கூச்சப்படாமல் பழைய வகுப்புத் தோழர்களுக்கும் முன்னாள் சக ஊழியர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும் என்பது இதனால்தான். நீங்கள் கேட்பது சிபாரிசு இல்லை. காலியிடம் இருக்கிறது என்ற செய்தி உங்கள் காதுக்கும் எட்டவேண்டும், அவ்வளவுதான்.

பிறகுதான் பட்டியல். ஆயிரம் பேருக்குச் சமைக்கப்போகிறவர் மளிகைக் கடையில் போய் ‘நல்ல சாப்பாட்டுக்கு வேண்டியதைக் கொடுங்கள்’ என்று கேட்பதில்லை. இத்தனை மூட்டை பொன்னி, இத்தனை கிலோ துவரம்பருப்பு என்றுதான் எழுதுகிறார். ஆனால் வேலை விளம்பரங்கள் பெரும்பாலும் அந்த முதல் வகையைப் போலவே இருக்கின்றன: ‘சுறுசுறுப்பானவர், பொறுப்பானவர், பளுவைத் தாங்குபவர், குறைந்தது ஐந்து வருட அனுபவம்.’ இதைப் படித்து யாரும் விலகமாட்டார்கள். யாருக்கும் எதுவும் விளங்கவும் செய்யாது. எனவே நானூறு விண்ணப்பம் வரும், ஆள் கிடைக்கமாட்டார்.

முதலாளிகளுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த இடத்தில்தான். ஆளின் குணத்தை விட்டுவிட்டுச் செய்யப்போகும் வேலையை எழுதுங்கள். ‘மாதம் 7-ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். கட்ட வேண்டும், 11-க்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-க்குள் 3பி தாக்கல் செய்ய வேண்டும். வங்கிக் கணக்கை டாலியோடு ஒத்துப்பார்க்க வேண்டும். விநியோகஸ்தர்களிடம் பாக்கி வசூலைப் பின்தொடர வேண்டும்.’ மூன்றே வரிகள்தான். இதைப் படிக்கும் அக்கவுண்டன்ட் தன்னால் முடியுமா முடியாதா என்று அங்கேயே முடிவு செய்துவிடுவார். சம்பளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்பதையும் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் பல வாரங்கள் மிச்சம். ‘ஐந்து வருட அனுபவம்’ என்ற நிபந்தனையை மட்டும் நம்பி உட்காராதீர்கள். ஷ்மிட், ஹண்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 85 ஆண்டு ஆராய்ச்சிகளைத் திரட்டி 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் பின்னாளில் எப்படி வேலை செய்வார் என்பதை எது சரியாகக் கணிக்கிறது என்று பார்த்தார்கள். முழுப் பொருத்தத்தை 1 என்று வைத்தால், அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கைக்குக் கிடைத்தது வெறும் 0.18.

பட்டியல் தயாரானதும் சரக்கு வரும் வழிகளைத் திறக்கிறார்கள். 1997-இல் தொடங்கிய நௌக்ரி, பிறகு லிங்க்ட்இன், மத்திய அரசு 2015-இல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம், மாவட்டங்களில் நடக்கும் வேலைவாய்ப்பு முகாம்கள், கன்சல்டன்சிகள். கன்சல்டன்சி வழியாக ஆள் எடுத்தால் கமிஷன் தரவேண்டியது கம்பெனி. வேலை தேடுபவரிடம் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் முன்பணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே நின்றுவிடுங்கள்.

இப்போது உங்கள் ரெஸ்யூமே உள்ளே வந்துவிட்டது. பெரிய கம்பெனியாக இருந்தால் அதை முதலில் தொடுவது ஒரு மென்பொருள். வண்டியில் வந்திறங்கிய சாமான்களை அரிசி ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் என்று உக்கிராணத்தில் பிரித்து அடுக்குபவரைப் போல, அது உங்கள் தாளைப் படித்துப் பெயர், தொலைபேசி எண், படிப்பு, முந்தைய கம்பெனி என்று தனித்தனி டப்பாக்களில் போடுகிறது. எனவே படிக்க எளிதாக இருப்பதுதான் முக்கியம். இரண்டு பத்தியாகப் பிரித்த அலங்கார வடிவம், கட்டங்களுக்குள் அடைத்த எழுத்து, தாளைப் படம் பிடித்து அனுப்பிய பி.டி.எஃப். ஆகியவற்றில் எது எந்த டப்பாவுக்குரியது என்று சில மென்பொருள்கள் குழம்பிவிடும். ஒரே பத்தியாக, தெளிவான தலைப்புகளோடு, சாதாரண எழுத்தில் இருந்தால் போதும்.

இந்த மென்பொருளே பெரும்பாலானவர்களைத் தூக்கி எறிந்துவிடுகிறது என்ற பயம் பரவலாக இருக்கிறது. வழக்கமாக அது எறிவதில்லை, அடுக்கித்தான் வைக்கிறது. அது தானாகக் கழிப்பது பெரும்பாலும் விண்ணப்பத்தோடு கேட்கும் ஆம்-இல்லைக் கேள்விகளை வைத்துத்தான்: ‘முப்பது நாளில் சேர முடியுமா?’, ‘கோவையில் இருக்க முடியுமா?’ எனவே அந்தக் கேள்விகளை அவசரத்தில் தட்டிவிட்டுப் போகாதீர்கள். அடுத்து, எச்.ஆர். அந்த உக்கிராணத்தில் ‘டாலி பிரைம்’ என்று தேடுகிறார். நீங்கள் ‘கணக்கு மென்பொருள்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தத் தேடலில் நீங்கள் இல்லை. எனவே கருவியின் பெயரை எழுதுங்கள். விளம்பரத்தில் உள்ள சொல் உங்களுக்குப் பொருந்துமானால் அதே சொல்லைப் போடுங்கள். பொருந்தாததைப் போடாதீர்கள், பதம் பார்க்கும் இடத்தில் அது வெளியே வந்துவிடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் வரும் ஒரு சிக்கலையும் இங்கே சொல்லவேண்டும்: இனிஷியல். விண்ணப்பப் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கிறது. நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஒரு எழுத்தும். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக. தேர்வான பிறகு சான்றுகளைச் சரிபார்க்கும் நிறுவனம் இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது கேள்வி எழும், பி.எஃப். கணக்கும் ஆதாரும் ஒத்துப்போகாவிட்டால் பணம் மாற்றுவதும் தடைபடும். எனவே வேலை தேடத் தொடங்கும்போதே ஆதார், பான், பி.எஃப். மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துத் திருத்திவிடுங்கள். ரெஸ்யூமேயிலும் அதே வடிவம்.

அடுத்தது கல் பொறுக்கும் இடம். எச்.ஆர். ஒவ்வொரு ரெஸ்யூமேயையும் மேலோட்டமாகப் பார்த்து, சிலரைத் தொலைபேசியில் கூப்பிடுகிறார். அக்கவுண்ட்ஸ் அவருக்கு முழுதாகத் தெரியவேண்டியதில்லை. அவர் பார்ப்பது, பின்னால் பல்லில் அகப்படும்படி ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், எதிர்பார்க்கும் சம்பளம் பட்ஜெட்டுக்குள் வருமா, தேதிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா. இவரிடம் போய் உங்கள் தணிக்கைத் திறமையைப் பத்து நிமிடம் விளக்கினால் பயனில்லை. கேட்டதற்கு நேரான, குறுகிய பதில் போதும்.

வேலையில் இடைவெளி இருந்தால் மறைக்காமல் ஒரே வரியில் எழுதிவிடுங்கள்: ‘2021 முதல் 2023 வரை குழந்தை வளர்ப்பு’, ‘பெற்றோர் உடல்நலம் காரணமாக ஓராண்டு’. காரணம் எழுதாத இடைவெளிதான் கல்லாகத் தெரிகிறது. எச்.ஆரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூட்டையில் ஒரு வருடம் கிடந்த பழைய அரிசியை எந்தச் சமையல்காரரும் கல் என்று எறிவதில்லை. பொலபொலவென்று வரும் என்று தேடி வாங்குகிறார். பிள்ளை பெற்று இரண்டு வருடம் வீட்டிலிருந்த பெண்ணைத் தாளைப் பார்த்ததுமே ஒதுக்குவது அநியாயம், கம்பெனிக்கும் நஷ்டம்.

இனி பதம் பார்ப்பது, அதாவது நேர்காணல். ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பார்கள். பானைக்கு அது சரி, ஏனென்றால் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில் ஒரே தீயில் வெந்தவை. மனிதர் அப்படி அல்ல. நன்றாகப் பேசுகிறவர் நன்றாகக் கணக்கு எழுதுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எந்தத் திறமை வேண்டுமோ அந்தச் சோற்றைத்தான் எடுத்து நசுக்கிப் பார்க்கவேண்டும். நம் கம்பெனி செய்யவேண்டியது இதுதான்: ஒரு மாத வங்கி அறிக்கையையும் அதற்குரிய பேரேட்டையும் பெயர்களை மாற்றிக் கையில் கொடுத்து, ‘எங்கே இடிக்கிறது, கண்டுபிடியுங்கள்’ என்று முக்கால் மணி நேரம் விட்டுவிடுவது. பிறகு எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பது. பிறகு நேர்காணல் நடத்தும் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண் போடுவது. மேலாளர் ‘பையன் நல்லா இருக்கான்’ என்று முதலில் சொல்லிவிட்டால் அடுத்தவரின் நாக்கு அதே ருசியைத்தான் சொல்லும்.

முன்பு சொன்ன ஷ்மிட், ஹண்டரின் 1998 கட்டுரையில் மனம்போனபடி பேசும் நேர்காணலுக்குக் கிடைத்தது 0.38, கேள்விகளை முன்கூட்டியே வரையறுத்த நேர்காணலுக்கு 0.51. சாக்கெட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2022-இல் இந்தக் கணக்குகளை மறுபடி சரிபார்த்தபோது எண்கள் பொதுவாகக் குறைந்தன. ஆனால் வரையறுத்த நேர்காணல் 0.42 பெற்று முதலிடத்துக்கு வந்தது. இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேள்விகளை எழுதினால் போதும். அதைக்கூடச் செய்யாமல் ‘நல்ல ஆளே கிடைப்பதில்லை’ என்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

நேர்காணலுக்குப் போகிறவர் நடந்ததைச் சொல்லப் பழகவேண்டும். ‘நான் பொறுப்பானவன்’ என்பது எல்லோரும் சொல்வது. ‘ஒரு விநியோகஸ்தரின் பாக்கி எட்டு மாதமாக நின்றிருந்தது. பில்களை ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தேன். இரண்டு கிரெடிட் நோட்டுகள் பதிவாகவில்லை. சரிசெய்து அனுப்பியதும் அந்த மாதமே பணம் வந்தது.’ இப்படி என்ன நிலைமை, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்று மூன்று நான்கு சம்பவங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் நீங்களும் கேளுங்கள்: இந்த இடம் ஏன் காலியானது? முதல் ஆறு மாதத்தில் நான் எதை முடித்தால் திருப்தி அடைவீர்கள்? பதில் சொல்லத் தடுமாறும் கம்பெனி பட்டியலே போடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

பிறகு மௌனம். வேலை தேடுபவரை மிகவும் வதைப்பது இதுதான். உள்ளே காரணம் பலவாக இருக்கும்: முதலாளி வெளியூரில், பட்ஜெட் நிறுத்தம், முதலில் தேர்வானவர் இன்னும் பதில் சொல்லவில்லை. எனவே மௌனத்தை உங்கள் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு விண்ணப்பியுங்கள். கம்பெனிகளே, நேரில் வந்து உட்கார்ந்து பேசியவருக்கு ‘இல்லை’ என்பதையாவது எழுதுங்கள். பஸ் ஏறி, ஒரு நாள் சம்பளத்தை இழந்து வந்தவர் அவர்.

அடுத்து ஆஃபர் லெட்டர். சி.டி.சி., அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு, ஆண்டுக்கு 6 லட்சம் என்றிருக்கிறது. மாதம் 50,000 கைக்கு வரும் என்று நினைப்போம். பானையில் போட்டதெல்லாம் இலைக்கு வராது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: அடிப்படைச் சம்பளம் 25,000. அதில் 12 சதவீதம், அதாவது 3,000 ரூபாய், கம்பெனி கட்டும் பி.எஃப். 4.81 சதவீதம் கிராஜுவிட்டிக்கு, சுமார் 1,200. ஆண்டு இறுதியில் செயல்பாட்டைப் பார்த்துத் தரும் தொகை மாதக் கணக்கில் 5,000. இவை மூன்றும் போனால் மாதச் சம்பளம் சுமார் 40,800. உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 3,000 பிடித்தால் கைக்கு வருவது 37,800. அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரியும் கழியும். பி.எஃப். உங்கள் சேமிப்புதான், வீண் போகவில்லை. ஆனால் வாடகை கொடுக்கப்போவது 37,800-இல் இருந்து. எனவே கையெழுத்துக்கு முன் மாதக் கணக்கைப் பிரித்து எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

கையெழுத்தான ஆஃபர் லெட்டர் வரும்வரை பழைய வேலையில் ராஜினாமா கொடுக்காதீர்கள். வாய்வார்த்தை போதாது. ஐ.டி. துறையில் நோட்டீஸ் பீரியட் தொண்ணூறு நாள் வரைகூட இருக்கிறது. அந்த இடைவெளியில் இன்னொரு கம்பெனி கூடுதலாகக் கொடுத்துக் கூட்டிப்போவதும் நடக்கிறது. எனவே ஆள் எடுத்தவர்கள் கடிதம் கொடுத்ததோடு மறந்துவிடாமல், வாரம் ஒருமுறை பேசுங்கள், குழுவினரை அறிமுகம் செய்யுங்கள். சேரும் நாளில் மேசை, கம்ப்யூட்டர், பாஸ்வேர்டு எல்லாம் தயாராக இருக்கட்டும். விருந்தாளி உட்கார்ந்த பிறகு இலை தேடி ஓடுவது நல்ல பந்தி இல்லை.

விலகி வருபவர் பழைய கம்பெனியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை: ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாத பேஸ்லிப், ஃபார்ம் 16. பி.எஃப். கணக்கில் நீங்கள் விலகிய தேதி பதிவாகிவிட்டதா என்றும் பாருங்கள். புதிய கம்பெனியில் யு.ஏ.என். என்ற பழைய பி.எஃப். எண்ணையே கொடுத்து, பழைய கணக்கில் உள்ள பணத்தைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.